மூடும் முன் பிளந்துவிடுங்கள்

அறந்தாங்கியில் சுவர் விரிசலை மூட ஏற்ற காலம் பங்குனி, சித்திரை. ஆனால் பெரும்பாலும் தீபாவளி வெள்ளையடிப்போடுதான் இந்த வேலையும் நடக்கிறது. அடைமழை தொடங்கும் நேரமும் அதுதான். ஓதம் ஏறிய சுவரில் பார்த்த பட்டி பொங்கலுக்குள் உரிந்துவிடும். அடைமழைச் சமயத்தில் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்தால் போதும். கோடையில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லணைக் கால்வாய் பாய்ந்த வயலை மேடாக்கி மனை போட்ட இடமென்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். அடியில் களிமண் இருந்தால் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். சுவரும் கூடவே அசையும்.

எங்கள் ஹால் விரிசலுக்கு 2018 கஜா புயல்தான் காரணம் என்று அம்மா இன்றும் சொல்கிறார். விரிசலோ சுவிட்ச் போர்டிலிருந்து நூல் பிடித்தாற்போல் மேலே ஏறுகிறது. ஒயரிங் பைப்புக்குக் காடி வெட்டி, மேலோட்டமாகப் பூசிய இடம் அது. பாவம் புயல்.

முதலில் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பூச்சு செங்கலைப் பிடித்திருக்கிறது. பொத்தென்று கேட்டால் கழன்றுவிட்டது. அந்தத் துண்டைக் கொத்தி எடுத்துப் புதிதாகத்தான் பூச வேண்டும்.

"தம்பி, மூடுறதுக்கு முன்னாடி நல்லா பொளந்து விடுங்க" என்பார் எங்கள் கொத்தனார். மெல்லிய வெடிப்புக்குள் பட்டி இறங்காது. மேலே தோலாக உட்கார்ந்து, அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். அதனால் ஸ்குரூடிரைவர் நுனியால் கீறி, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் எடுங்கள். ஒயர் ஓடும் இடமென்றால் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள். தூசியை பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் தெளித்து, மினுமினுப்பு அடங்கியதும் நிரப்ப வேண்டும். காய்ந்த சுவர் பட்டியிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், ஓரம் பிடிக்காது. முதல் தடவை முக்கால் பள்ளம், அது காய்ந்து உள்வாங்கியபின் மீதி. காடி போல நீளமான இடத்தில் கண்ணாடியிழை வலை டேப்பை ஒட்டி, அதன்மேல் மெல்லிசாக இழுத்துவிடுங்கள். உலர்ந்ததும் உப்புத்தாள், பிறகு பிரைமர். பெயின்டை அந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் ஒட்டுப் போட்டதைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சுவர் முழுக்க அடித்துவிடுவது நல்லது.

கெட்டியாக இருக்கட்டும் என்று வெறும் சிமெண்டைக் குழைத்து அப்புகிறவர்கள் உண்டு. அது சுருங்கி, இரு ஓரத்திலும் புது விரிசல் விடும். பழைய சுண்ணாம்புச் சுவரில் இன்னும் மோசம். இளகிய பூச்சோடு இறுகிய ஒட்டு சேராது. அங்கே நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும்தான் சரி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது காரைக்குடிப் பக்கத்துச் சுவர்ப் பூச்சின் வழவழப்புக்கு, விரிசலுக்குத் தேவையில்லை.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாணயம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தாலோ, மேல்தளத்தில் கம்பி போகிற கோட்டில் துருக்கறையோடு வெடித்திருந்தாலோ பட்டி டப்பாவைத் திறக்க வேண்டாம். பொறியாளரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.