'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

போன எபிசோடுக்குப் பிறகு கன பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, ப்ரோகிராமிங் பழக நல்ல கணக்குகள் எங்க எடுக்கிறது?"

இடத்துக்குப் பஞ்சமில்லை. கணிதம் பிடித்தால் 2001 முதல் இருக்கும் ப்ராஜெக்ட் ஆய்லர். புதிர் பிடித்தால் 2015இல் தொடங்கிய அட்வென்ட் ஆஃப் கோட். பழைய வருடங்களின் புதிர்களும் அங்கேயே கிடக்கின்றன. புது மொழி பழக எக்ஸர்சிசம். நேர்காணலுக்கு லீட்கோட்.

ஒரு கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் இருந்த நேரம், நானும் லீட்கோட்டில் இருநூறு கணக்குக்கு மேல் செய்தேன். பிறகு ஒரு நேர்காணலில், "நீங்களாகச் செய்த ஏதாவது இருந்தால் காட்டுங்கோ" என்று கேட்டார்கள். காட்ட ஒன்றுமே இல்லை. வேலையும் கிடைக்கேல்லை. அந்த மாத வாடகையை அக்காதான் கட்டினா. (இன்னும் சொல்லிக் காட்டுவா.)

அதுக்குப் பிறகுதான் அம்மம்மாவுக்கு ஒரு விளையாட்டு செய்யத் தொடங்கினேன்: ஐந்தெழுத்துத் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். 'தமிழ்' என்பதன் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்கிறது! 'அம்மம்மா' நமக்கு ஐந்து எழுத்து, பைத்தானுக்கு 8.

காரணம், யூனிகோடில் 'மி' ஒரு எழுத்து இல்லை. 'ம' ஒன்று, அதன்மேல் வரும் இகரக் குறி இன்னொன்று. 'ழ்' என்றால் 'ழ'வும் புள்ளியும். ஆகவே எண்ணும்போது குறியையும் புள்ளியையும் முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்துவிட வேண்டும். சுலபம் என்று நினைத்தேன். யூனிகோட் இந்தக் குறிகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கு: புள்ளியும் ஈகாரக் குறியும் 'எம்என்' வகை, இகரக் குறி 'எம்சி' வகை. நான் முதலாவதை மட்டும் பார்த்ததால் 'தமிழ்' 4 எழுத்தாகிவிட்டது. அந்தப் பிழையைப் பிடிக்க ஒரு முழு இரவு போனது. ஆனால் யூனிகோட் எனக்கு உண்மையில் விளங்கினது அந்த இரவில்தான். பல்கலைக்கழகத்தில் படித்தும் விளங்காத விஷயம்.

லீட்கோட்டை விடச் சொல்லேல்லை. வாரத்தில் இரண்டு கணக்கு போதும். மிச்ச நேரத்துக்கு, உங்கட வீட்டில் ஒராள் உண்மையாகவே பாவிக்கப்போகும் சின்னச் சாமான் ஒன்று. அம்மம்மா, "இது பிழை தம்பி, 'ஸ்ரீ' எத்தனை எழுத்து?" என்று கேட்ட மாதிரி எந்த டெஸ்ட் கேஸும் என்னைக் கேட்டதில்லை.

இந்த வாரப் பயிற்சியும் அதுதான். முதலில் 'தமிழ்' 3, 'அம்மம்மா' 5 என்று வரப் பண்ணுங்கோ. பிறகு 'ஸ்ரீ'யைப் போட்டுப் பாருங்கோ.