மழைக்கு முன்னே தடுப்பூசி: ஆடுகளின் நுரையீரல் நோயை அறிவோம்

ஆடு வளர்ப்புக்குக் கடன் கேட்டு வருவோரிடம் வங்கிக் கிளைகளில் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்கப்படுகின்றன. எத்தனை ஆடுகள், என்ன இனம், மேய்ச்சலுக்கு நிலம் உண்டா, சந்தை எவ்வளவு தொலைவு? இவற்றோடு இன்னொரு கேள்வியையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும் ஆடுகளுக்கு எந்தத் தடுப்பூசி, எந்த மாதத்தில்?

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகளும் 7.4 கோடி செம்மறியாடுகளும் உள்ளன. வெள்ளாட்டில் ராஜஸ்தானும் செம்மறியாட்டில் தெலங்கானாவும் முதலிடம் பெறுகின்றன. இவற்றை வளர்ப்போரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளும் நிலமற்றோருமே. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒருவர் ஆடு ஒன்று 8,000 ரூபாய் வீதம் 20 பெட்டையும் ஒரு கிடாவும் வாங்குகிறார். முதலீடு 1,68,000 ரூபாய். மழை தொடங்கிய வாரத்தில் ஐந்து ஆடுகள் மூச்சுத் திணறி இறந்தால் 40,000 ரூபாய் போய்விடும். அவை ஈன வேண்டிய குட்டிகளும் இல்லை. கடன் தவணை மட்டும் குறையாது.

நோய் எங்கிருந்து வருகிறது?

பாஸ்டுரெல்லா, மான்ஹீமியா என்னும் இரு பாக்டீரியாக்கள் நலமாக இருக்கும் ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலுமே குடியிருக்கக் கூடியவை. உடல் வலுவாக உள்ளவரை அவை தீங்கு செய்வதில்லை. குளிர்ந்த மழையில் நனைதல், லாரியில் நெருக்கமாக ஏற்றி வருதல், திடீர்த் தீவன மாற்றம், வேறு நோயால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தால் போதும். அவை பெருகி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. மான்ஹீமியா வெளியிடும் நஞ்சு, நோயை எதிர்க்க வரும் வெள்ளணுக்களையே அழித்துவிடும். ஆகவேதான் நேற்று மேய்ந்த ஆடு இன்று தலை தொங்கி நிற்கிறது.

பாஸ்டுரெல்லாவின் ஒரு வகை இரத்தத்தில் பரவும்போது உண்டாவதே தொண்டை அடைப்பான். மாட்டையும் எருமையையும் அதிகம் தாக்கும் இந்நோய் ஆடுகளையும் விடுவதில்லை. மைக்கோபிளாஸ்மா என்னும் மற்றொரு நுண்ணுயிர் வெள்ளாடுகளுக்குத் தொற்று நுரையீரல் அழற்சியை உண்டாக்குகிறது. இதற்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தாக்கியே வேலை செய்யும் பெனிசிலின் இதனிடம் பயனற்றுப் போகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஊசி சில வேளைகளில் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி போட்டும் இருமல் வந்ததே?

இக்குறையைப் பலர் சொல்லக் கேட்கிறோம். அதற்கு விடை, ஒவ்வொரு தடுப்பூசியும் ஒரு குறிப்பிட்ட கிருமிக்கே கேடயம் என்பதுதான். தொண்டை அடைப்பான் தடுப்பூசி பாஸ்டுரெல்லாவின் குறிப்பிட்ட வகையைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. மான்ஹீமியாவுக்கோ மைக்கோபிளாஸ்மாவுக்கோ அது மருந்தாகாது. ஆட்டுக்கொல்லி நோயோ வைரஸால் வருவது. ஆயினும் அந்நோய் தாக்கிய ஆட்டின் எதிர்ப்பாற்றல் சரிவதால், பாக்டீரியாக்கள் எளிதில் நுரையீரலைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி நுரையீரலுக்கும் மறைமுகக் காவலாகிறது. இந்திய ஆராய்ச்சி நிலையங்களிலேயே உருவான இத்தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகள் காக்கும்.

இன்னொரு காரணம் காலம் தவறுதல். ஊசி போட்ட அன்றே எதிர்ப்பாற்றல் பிறப்பதில்லை. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1 அளவில் கேரளத்தைத் தொட்டு, ஜூலை 8 அளவில் நாடு முழுவதும் பரவுகிறது. ஆகவே தெற்கே மே மாதத் தொடக்கத்திலும் ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் ஜூன் தொடக்கத்திலும் தொண்டை அடைப்பான் ஊசி முடிந்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் தமிழகப் பகுதிகளில் செப்டம்பரிலும் கால்நடை மருத்துவரிடம் கலந்துகொள்வது நல்லது. மார்வாடிலிருந்து மத்தியப் பிரதேசம், ஹரியானா நோக்கி மந்தையை நடத்திச் செல்லும் ராய்க்கா மேய்ப்பர்களைப் போன்றோர், புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே ஊசியை முடித்துக்கொள்வது அறிவுடைமை.

கவனிக்க வேண்டியவை

1. குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தாயின் எதிர்ப்பாற்றல் அதன் வழியாகவே குட்டியை அடைகிறது. அந்தக் காவல் குறையும் காலத்தில், பொதுவாக மூன்று மாதம் நிறைந்த பின், முதல் தடுப்பூசி தொடங்குகிறது. தொண்டை அடைப்பான் ஊசியை ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும்.

2. காய்ச்சலும் இருமலும் உள்ள ஆட்டுக்குத் தடுப்பூசி போடலாகாது. ஊசி நலமான உடலுக்கே பயன்தரும். குடற்புழு நீக்கத்தை முன்கூட்டியே செய்துகொள்வது சிறப்பு.

3. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்த குப்பியும், தொண்டை அடைப்பான் ஊசியில் உறைந்துபோன குப்பியும் பயனற்றவை.

4. சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டிக் கண்காணிக்க வேண்டும். நோய் பெரும்பாலும் புதிய ஆட்டோடுதான் உள்ளே வருகிறது.

5. கொட்டகையில் ஆட்டின் தலை உயரத்துக்குக் குனிந்து அமர்ந்து பாருங்கள். சிறுநீரின் காரநெடியால் கண் எரிந்தால், அதே காற்றைத்தான் ஆடு இரவெல்லாம் சுவாசிக்கிறது. சாரல் படாமலும் காற்று தடைபடாமலும் கொட்டகை அமைய வேண்டும்.

நோய் வந்துவிட்டால்

மந்தையை விட்டு ஒதுங்கி நிற்றல், தீனி மறுத்தல், மூக்கில் கெட்டியான சளி, கழுத்தை நீட்டி வேகமாக மூச்சு விடுதல், 105 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அந்த ஆட்டை உடனே பிரித்து மருத்துவரை அழைக்க வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்னும் கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மருத்துவர் குறித்த நாள்வரை மருந்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும். அதற்குரிய இடைவெளி முடியும் வரை பாலையும் இறைச்சியையும் விற்பனைக்கு விடக் கூடாது. இறந்த ஆட்டை மருத்துவர் பரிசோதித்தால், எஞ்சிய மந்தையைக் காக்கும் வழி தெளிவாகும்.

வங்கியும் காப்பீடும்

தீவனம், மருத்துவம் போன்ற தொடர்செலவுகளுக்குக் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கிறது. அரசு கால்நடை மருந்தகங்களில் பல தடுப்பூசிகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ போடப்படுகின்றன. ஆகவே செலவு தடையாக இருப்பதில்லை. பெரும்பாலும் நாள் தவறுவதே தடையாகிறது.

காப்பீடு எடுத்தவர்கள் ஆட்டின் காது வில்லை எண்ணையும் தடுப்பூசி நாளையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பு நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். காது வில்லையைக் களைந்துவிடலாகாது. மருத்துவரின் பரிசோதனைச் சான்றும் இன்றியமையாதது.

காப்பீட்டுத் தொகை இறந்த ஆட்டின் விலையைத் திருப்பித் தரலாம். அது ஈன்றிருக்கும் குட்டிகளையும் குடும்பத்தின் அன்றாட வருவாயையும் தர இயலாது. அவற்றைக் காப்பது மழைக்கு முன் போடும் ஊசியே. கடன் தவணை நாளைக் குறித்து வைக்கும் அதே நாட்காட்டியில், தடுப்பூசி நாளையும் இன்றே குறித்து வைப்போம்.