மாவுப்பால் பம்பும் மின்கட்டணமும்

கேள்வி: குச்சிக்கிழங்கு ஆலையில் மாவுப்பால் ஏற்றும் பம்புக்கு வி.எஃப்.டி. பொருத்தினால் மின்செலவு குறையுமா? (வாசகர், ஜேடர்பாளையம்)

பதில்: வரத்து கூடிக் குறையும் இடத்தில் குறையும். சேலம், நாமக்கல் வட்டார ஜவ்வரிசி ஆலைகளில் அரவைக்குத் தக்கபடி மாவுப்பாலின் அளவு மாறுகிறது. பம்பை முழு வேகத்தில் ஓட்டி வால்வைத் திருகினால், மின்சாரம் வால்விலேயே வீணாகும்; கிழங்கோடு வரும் மணல் வால்வையும் அரித்துவிடும். வி.எஃப்.டி. மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தையே குறைக்கிறது. மையவிலக்கு பம்பில் வரத்து வேகத்தைப் பொறுத்தது. அழுத்தம் வேகத்தின் இருமடியையும், மின்தேவை மும்மடியையும் பொறுத்தவை. நிமிடத்துக்கு 1,500 சுற்று 1,200 ஆனால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகும். இம்பெல்லர் தேய்மானமும் குறையும்.

இந்தக் கணக்கு முழுதாகப் பலிப்பது உராய்வை மட்டுமே வெல்ல வேண்டிய குழாயில்தான். மேல்தொட்டிக்கு ஏற்றும்போது உயரத்துக்கான அழுத்தம் குறையாது. வேகத்தைச் சற்று அதிகமாகக் குறைத்தாலே வரத்து நின்றுவிடும்.

இன்னொரு எல்லையை மறக்கவே கூடாது. தொட்டியில் மாவு அடியில் படிவது எந்த இயல்பாலோ, அதே இயல்பால் மெதுவாக ஓடும் குழாயிலும் படிந்து இறுகும். மாவு படியாமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச ஓட்டத்தைச் சோதித்தறிந்து, அதற்குக் கீழே போகாதபடி கருவியில் வரம்பு வைக்க வேண்டும். மிகக் குறைந்த வேகத்தில் மோட்டாரின் விசிறியும் தளர்ந்து, மோட்டார் சூடேறும்.

எப்போதும் ஒரே அளவு ஓடி, தேவைக்கு மிஞ்சிய திறனுள்ள பெல்ட் பம்புக்கு வி.எஃப்.டி. செலவு வேண்டாம். புல்லியை மாற்றினாலே போதும்.