பெண் மக்களின் சொத்துரிமை: வணிகர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு



கடைக் கட்டடத்தின் பேரில் வங்கியில் கடன் கேட்டுப் போனால், தாய்ப்பத்திரத்தைப் புரட்டிப் பார்க்கும் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் அப்பாவுக்குப் பெண் மக்கள் எத்தனை பேர்?" என்பதுதான். "இரண்டு பேர். இருவரையும் நகை நட்டுப் போட்டு நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டோம்" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். "அது இருக்கட்டும், அவர்கள் கையெழுத்து எங்கே?" என்கிறார் அவர். அந்த இடத்தில் பலருக்குக் காரியம் நின்றுபோகிறது.

பேரேட்டில் சில்லறைப் பாக்கியைக்கூட விடாமல் எழுதுகிறவர்கள் நாம். ஆனால் குடும்பக் கணக்கில் பெண் மக்களின் பங்கை மட்டும் எழுதாமலே விட்டுவிடுகிறோம். மழையை நம்பிய நமது கரிசல் புஞ்சைக்குப் பெரிய விலை இல்லாத காலத்தில் இதை யாரும் கேட்கவில்லை. கம்பும் உளுந்தும் பருத்தியும் விளைந்தால் பிறந்த வீட்டிலிருந்து நாலு மரக்கால் போகும், அதோடு சரி. நான்கு வழிச்சாலை வந்தபின் அதே புஞ்சை மனையாகி விலை ஏறியது. இப்போது சட்டம் தெரியாமல் இருப்பது நமக்குக் கட்டுப்படியாகாத காரியம். ஆகவே இந்தப் பாடத்தை எளிய முறையில் பார்ப்போம்.

சட்டம் வந்த வழி

1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1937இல் விதவைகளுக்கு ஓரளவு உரிமை தரும் சட்டம் வந்தது. சுதந்திரத்திற்குப் பிறகு டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் இழுபட்டது. 1951இல் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

17-6-1956 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகப்பனார் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் ஆகிய அனைவருக்கும் சமபங்கு என்று அது கூறியது. ஆனால் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை ஆண் மக்களுக்கு மட்டுமே என்ற பழைய முறையை அப்படியே விட்டுவைத்தது.

அந்தக் குறையை நமது மாநிலம் முன்கூட்டியே திருத்தியது. கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தமிழ்நாடு திருத்தச் சட்டம் 25-3-1989 முதல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணம் ஆனவர்களுக்கு இது கிடையாது. ஒரே வீட்டில் பிறந்தும், முன்பே கல்யாணமான அக்காவுக்கு இல்லை, பின்னால் கல்யாணமான தங்கைக்கு உண்டு என்ற நிலை ஏற்பட்டது.

9-9-2005 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தச் சட்டம் இந்த வேறுபாட்டையும் நீக்கியது. கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, மகள் பிறப்பாலேயே கூட்டுக் குடும்பச் சொத்தின் உரிமையாளர். நமது பக்கம் 'பங்காளி' என்றால் ஆண்வழி உறவு மட்டுந்தான். சட்டம் மகளையும் பங்காளியாக்கிவிட்டது. குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிக்கும்படி மகள் கேட்க முடியாது என்றிருந்த பழைய விதியும் அன்றோடு போயிற்று.

"2005க்கு முன்பே அப்பா காலமாகிவிட்டாரே" என்ற கேள்வி பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் சுற்றியது. 11-8-2020 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதற்கு முடிவு சொன்னார்கள். உரிமை பிறப்பினால் வருவது. ஆகவே 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் 20-12-2004க்கு முன்பே முறைப்படி நடந்துவிட்ட கிரயமும், பதிவான பாகப்பிரிவினையும், நீதிமன்றத் தீர்ப்பின்படி நடந்த பிரிவினையும் மாறாது.

இரண்டு வகைச் சொத்து, இரண்டு வகைக் கணக்கு

ரூ. 48 லட்சம் மதிப்புள்ள சொத்து என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் தகப்பனார், தாயார், இரண்டு மகன்கள், ஒரு மகள். தகப்பனாரின் தாயார் முன்பே காலமாகிவிட்டார். உயில் இல்லை.

சொத்து தகப்பனார் தாமே சம்பாதித்ததாக இருந்தால் நான்கு பங்கு. தாயாருக்கும் மூன்று மக்களுக்கும் ஆளுக்கு 12 லட்சம். இது நேற்று வந்த சட்டம் அன்று. 1956 முதலே இதுதான் கணக்கு.

சொத்து பூர்வீகமாக இருந்தால், 2005க்கு முந்திய மத்தியச் சட்டப்படி தகப்பனாருக்கும் இரு மகன்களுக்கும் ஆளுக்கு 16 லட்சம். பிறகு தகப்பனாரின் 16 லட்சம் மட்டும் நால்வருக்கும் பிரியும். முடிவில் மகன்களுக்கு ஆளுக்கு 20 லட்சம், மகளுக்கு 4 லட்சம், தாயாருக்கு 4 லட்சம்.

இன்றைய சட்டப்படி அதே சொத்தில் தகப்பனாருக்கும் மூன்று மக்களுக்கும் ஆளுக்கு 12 லட்சம். தகப்பனாரின் 12 லட்சம் நால்வருக்கும் மும்மூன்று லட்சமாகப் பிரியும். மக்கள் மூவருக்கும் ஆளுக்கு 15 லட்சம், தாயாருக்கு 3 லட்சம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாத்தா வாங்கியது என்பதாலேயே ஒரு சொத்து பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தாமே சம்பாதித்த கடையை 1956க்குப் பிறகு வாரிசு என்ற முறையில் தகப்பனார் பெற்றிருந்தால், அது தகப்பனாரின் தனிச் சொத்தாகும் என்று 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எது எந்த வகை என்பதைப் பத்திரங்களைப் பார்த்து வக்கீல்தான் சொல்ல வேண்டும். திண்ணைப் பேச்சில் முடிவு செய்யக் கூடாது.

பங்கு என்பது நிலமும் கட்டடமும் மட்டுமன்று. தகப்பனார் தனி உரிமையாளராக நடத்திய கடையின் சரக்கு, வரவேண்டிய பாக்கி, வங்கி இருப்பு எல்லாம் அதில் சேரும். கொடுக்க வேண்டிய கொள்முதல் பாக்கியும் சேரும். கடனைக் கழித்துத்தான் பங்கு. வங்கி வைப்புத்தொகைக்கு நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே தவிர, முழுவதற்கும் சொந்தக்காரர் ஆகமாட்டார்.

நாம் சொல்லும் சமாதானங்கள்

"நகை போட்டோம், சீர் செய்தோம்." வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கல்யாணச் செலவைக் காட்டிச் சொத்துப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. மகனின் கல்யாணத்துக்கும் மேற்படிப்புக்கும் செய்த செலவை அவன் பங்கில் நாம் கழிப்பதில்லையே.

"வாய்மொழியாக அப்போதே பாகம் பிரித்துவிட்டோம்." வெறும் வாய்ச்சொல்லை ஏற்க முடியாது, அதை நிரூபிக்கும் அரசுப் பதிவுகள் வேண்டும் என்று 2020 தீர்ப்பே சொல்லிவிட்டது.

"கல்யாணத்தின்போதே பங்கு வேண்டாம் என்று எழுதி வாங்கிவிட்டோம்." தகப்பனார் உயிரோடு இருக்கையில் அவருடைய சொந்தச் சொத்தில் மகளுக்கு வெறும் எதிர்பார்ப்புதான் உண்டு. எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது.

"வியாபாரத்தைப் பெண்ணால் நடத்த முடியுமா?" கூட்டுக் குடும்பத்தின் மூத்த வாரிசு மகளாக இருந்தால் அவரே கர்த்தா ஆகலாம் என்று 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நமது ஊரில் எத்தனை தீப்பெட்டி ஆபீஸ்களும் கடலைமிட்டாய்க் கூடங்களும் பெண்களின் உழைப்பால் நடக்கின்றன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று

மாரப்ப கவுண்டர் என்பவர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் சொத்து ஒன்றை வாங்கினார். 1949இல் காலமானார். ஒரே வாரிசு மகள் குப்பாயி அம்மாள். அவரும் 1967இல் பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். மாரப்ப கவுண்டரின் சகோதரர் மகள் தங்கம்மாள், தமக்கு ஐந்தில் ஒரு பங்கு உண்டு என்று வழக்குப் போட்டார். 1994இல் கீழ் நீதிமன்றமும் 2009இல் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. 20-1-2022 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை மாற்றியது. 1956க்கு முன்புகூட, தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்து, மகன் இல்லாதபோது சகோதரன் மக்களுக்குப் போகாமல் மகளுக்கே போகும் என்பது பழைய இந்து சட்டத்திலேயே உள்ளது என்று எடுத்துக்காட்டியது. அந்த மகளுக்குப் பின் சொத்து சகோதரர் மக்கள் ஐவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, சமமாகப் பிரிந்தது. முதல் தீர்ப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையில் மட்டும் 28 ஆண்டுகள். அத்தனை காலம் முடங்கும் முதலை எந்த வியாபாரம் தாங்கும்?

எங்கள் வீட்டுக் கணக்கு

ஊருக்குச் சொல்வதற்கு முன் எங்கள் கதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தகப்பனார் உயில் எழுதாமல் காலமானார். கடையும் கிட்டங்கியும் அவர் சுயமாகச் சம்பாதித்தவை. தாயார், ஆண் மக்கள் மூவர், பெண் மக்கள் இருவர். ஆக ஆறு பங்கு. விசேஷம் முடிந்த கையோடு அக்காவையும் தங்கையையும் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். ஆளுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தோம். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. நாங்களும் படித்துக் காட்டவில்லை.

சில ஆண்டுகளில் தங்கையின் கணவர் தவறிவிட்டார். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க அவர் நகையை அடகு வைத்தது வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். உரிமையோடு கேட்க வேண்டியவர், உதவி கேட்கவும் கூசி ஒதுங்கியிருந்தார். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பத்திரம் சட்டப்படி செல்லும். ஆனால் ஆறில் இரண்டு பங்கை இரண்டு சேலைக்கு வாங்கிய வியாபாரம் அது. சகோதரர்கள் மூவரும் கூடிப் பேசி, கிட்டங்கிக்குப் பின்புறம் இருந்த மனையை இருவர் பேருக்கும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தோம். அது அவர்களுடைய முழுப் பங்கு ஆகாது; காலம் கடந்தும் போயிற்று. அன்று பத்திர ஆபீசில் அக்கா, "இந்தத் தடவை முழுவதும் படித்துக் காட்டு, தம்பி" என்றார். படித்துக் காட்டினோம்.

செய்ய வேண்டியவை

1. சொத்துப் பட்டியல் ஒன்று எழுதி வையுங்கள். எது பூர்வீகம், எது சுய சம்பாத்தியம் என்று பிரித்து, தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

2. சுய சம்பாத்தியத்தையும், பூர்வீகத்தில் தம் சொந்தப் பங்கையும் விருப்பப்படி உயில் எழுதச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வதே நல்லது. மகன் கடையைத் தொடர்ந்து நடத்த வேண்டுமானால் கடையை அவனுக்கும், ஈடான மனையையோ ரொக்கத்தையோ மகளுக்கும் எழுதலாம். கடையை உடைக்காமலே நியாயம் செய்ய முடியும்.

3. வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது பெண் மக்களின் பெயரை விடாதீர்கள். விட்டுவிட்டு நடக்கும் கிரயம் பின்னால் வழக்கில்தான் முடியும்.

4. மகள் தாமாகவே பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால், மதிப்பு எவ்வளவு என்று சொல்லி, பத்திரத்தைப் படித்துக் காட்டி, பதிவு செய்யுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைக் கட்டணத்தில் உச்சவரம்புச் சலுகை உண்டு.

5. மகளுக்குப் பிள்ளை இல்லாமல் போனால், பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து தகப்பனாரின் வாரிசுகளுக்கே திரும்பும். "சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடும்" என்று பயப்படுகிறவர்கள் இதையும் அறிந்துகொள்ளட்டும்.

இவை இந்துக்களுக்கான விதிகள். கிறிஸ்தவ, இஸ்லாமிய வணிக நண்பர்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. அவற்றிலும் மகளுக்குப் பங்கு உண்டு.

எடையில் குறைப்பது பாவம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். வாடிக்கையாளருக்கு நிறுக்கும் அதே தராசில் நம் வீட்டுப் பெண்களுக்கும் நிறுப்போம். தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் மகள், விருந்தாளியாக மட்டுமன்றிப் பங்காளியாகவும் வருகிறாள் என்பதை நினைவில் வைப்போம்.