ஒருவர் தோளில் ஏற்றிய சுமை

ஒரு பொதுப்பணி தொடங்கும்போது பலர் கூடுகிறார்கள். நாளடைவில் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. கணக்கு, சாவி, முடிவு எல்லாம் அவரிடமே. 'அவர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்' என்று நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். இந்த நிம்மதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, கணினி உலகில் 2024இல் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எல்லோருக்கும் திறந்த மென்பொருள்

திறந்த மூல மென்பொருள் என்பது அதன் நிரலை மறைக்காமல் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படுவது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்பவர் அதன் பராமரிப்பாளர். அந்தப் பொறுப்பு ஓர் அமானிதம்.

'எக்ஸ்இசட் யூட்டில்ஸ்' இப்படிப்பட்ட ஒரு சிறு மென்பொருள். கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்க உதவுவது. லினக்ஸ் இயங்கும் கணினிகளில் பரவலாக இருப்பது. இதைப் பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் பல ஆண்டுகளாக ஏறக்குறையத் தனியாளாக, ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் கவனித்து வந்தார்.

என்ன நடந்தது?

2021 இறுதியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். அவை பயனுள்ளவையாகவே இருந்தன. 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து குறைகள் வரத் தொடங்கின. வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். குறை சொன்னார்களே தவிர, கை கொடுக்கவில்லை. தம் மனநலம் சரியில்லை என்பதையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் காலின் எடுத்துச் சொன்னார். பிறகு சிறிது சிறிதாக அதிகாரம் ஜியா டானிடம் சென்றது. 2023இல் புதிய பதிப்புகளை அவரே வெளியிட்டார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கான சாவி உள்ளவர் தொலைவிலிருந்தே சர்வர்களுக்குள் நுழைய முடியும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட், வேறொரு வேலையைச் செய்துகொண்டிருந்தபோது, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிப் போனவர், மார்ச் 29 அன்று உண்மையை உலகுக்கு அறிவித்தார். அதற்குள் அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் லினக்ஸின் சோதனை வெளியீடுகளையே எட்டியிருந்தன. அந்த அரை நொடியை அவர் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் இழப்பு மிகப் பெரிதாகியிருக்கும். ஜியா டான் உண்மையில் யார் என்பது இதுவரை வெளிவரவில்லை.

யார் மீது குறை?

காலின் மீது பழி போடுவது எளிது. ஆனால் உலகம் முழுவதும் அவருடைய உழைப்பை இலவசமாகப் பயன்படுத்தியது. அவர் தளர்ந்தபோது தோள் கொடுக்க வந்தவர் எவர்? வந்த ஒரே ஆள் வஞ்சகராக இருந்ததுதான் இதில் உள்ள வேதனை.

இன்னொரு வழியும் உண்டு. பைத்தான் மொழியை உருவாக்கிய குய்டோ வான் ரோசம், ஒரு மாற்றம் பற்றிய கடுமையான வாதத்துக்குப் பின் 2018 ஜூலையில் தலைமையிலிருந்து விலகினார். வாரிசு யாரையும் அவர் நியமிக்கவில்லை. மற்ற நிரலாளர்கள் பல யோசனைகளை எழுத்தில் வைத்து, கலந்து பேசி, வாக்களித்து, ஐவர் குழு ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அக்குழுவில் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் விதி வைத்தார்கள். பைத்தான் பெரிய திட்டம்தான்; ஆனால் இந்த ஒழுங்கு மூன்று பேர் சேர்ந்து செய்யும் பணிக்கும் பொருந்தும்.

நாம் பெறும் பாடங்கள்

1. சோர்ந்து விழுவதற்கு முன்பே பொறுப்பைப் பகிர வேண்டும். களைத்தவர் எடுக்கும் முடிவில், கிடைத்த கையைப் பிடித்துக்கொள்ளும் அவசரமே இருக்கும்.

2. செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். கள்ளக்கதவை இயக்கிய ஒரு பகுதி, எல்லோரும் பார்க்கும் நிரலில் இல்லை; வெளியிட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தது. இரண்டையும் ஒப்பிட ஒருவர் இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கலாம்.

3. ஆர்வத்தை மட்டும் தகுதியாகக் கொள்ளக்கூடாது. அதற்காக வருபவரையெல்லாம் சந்தேகிப்பதும் தீர்வல்ல. யார் பொறுப்பில் இருந்தாலும் ஒரே முறையில் கேள்வி கேட்கப்படும் என்று எழுதி வைத்தால், நல்லவருக்கு அது பாதுகாப்பு; தீயவருக்குத் தடை.

4. குறை சொல்லுமுன் கை கொடுக்க வேண்டும். வெறும் நெருக்கடி, நல்ல மனிதரையும் தவறான முடிவை நோக்கித் தள்ளிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு காலின் ஒதுங்கிவிடவில்லை. நிரலைச் சுத்தம் செய்து, 2024 மே மாதத்தில் புதிய பதிப்பை வெளியிட்டார்.

நாம் ஈடுபட்டிருக்கும் பணியில் எல்லாச் சாவியும் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். அவரிடம் கணக்கு கேட்பதற்கு முன், 'உங்கள் சுமையில் எதை நான் எடுத்துக்கொள்ளட்டும்?' என்று இன்றே கேட்போம்.