செய்யும் பணியிலேயே நிறைவு

பொழுது புலரும் வேளையில் ரயில் பாதையில் ஒருவர் நடந்து செல்கிறார். தோளில் சுத்தியல், கையில் ஸ்பானர், பையில் சிவப்புக் கொடிகளும் வெடிச் சமிக்ஞைகளும். ரயில்வே ஊழியர்கள் இவரைக் ‘கீமேன்’ என்று அழைப்பார்கள். தமக்கென ஒதுக்கப்பட்ட சில கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை நாள்தோறும் நடந்தே பார்வையிடுவது இவருடைய கடமை. தண்டவாளத்தை ஸ்லீப்பருடன் பிணைக்கும் கிளிப் எங்கேனும் நழுவியிருந்தால் அடித்து இறுக்குவார். தண்டவாளத்தில் முறிவு கண்ணில் பட்டால், வண்டி வரும் திசையை நோக்கி விரைந்து சென்று அதை நிறுத்தியாக வேண்டும். அகலப் பாதையில், பழுதான இடத்திலிருந்து 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடிச் சமிக்ஞையும் 1200 மீட்டர் தொலைவில் மூன்றும் வைக்க வேண்டும் என்பது விதி. வண்டியின் சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

குளிர்காலத்தில் எஃகு சுருங்கும். தண்டவாள முறிவு ஏற்படும் வாய்ப்பும் அப்போது மிகுதி. கோடையில் அதே எஃகு விரிந்து வளையக்கூடும். ஆகவே ஓய்வாக நடந்து செல்லும் வேலை அன்று இது. ஒவ்வோர் அடியிலும் கண்ணும் கருத்தும் விழித்திருக்க வேண்டும்.

இவருடைய பணி செவ்வனே நடந்தால் என்ன நிகழும்? ஒன்றுமே நிகழாது. வண்டி வரும், போகும். உள்ளே நூற்றுக்கணக்கானோர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். இவருடைய பெயரை அவர்களுள் எவரும் அறியார். நன்றி சொல்லவும் எவருக்கும் தோன்றாது. இத்தகைய பணியில் ஒரு மனிதன் நிறைவு காண இயலுமா? இயலுமெனில், அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது?

நாளை, நாளை என்று தள்ளிப்போடும் மனம்

படிக்கும் மாணவன் வேலை கிடைத்தால் மகிழ்ச்சி என்று எண்ணுகிறான். வேலை கிடைத்தபின் பதவி உயர்வு வந்தால் மகிழ்ச்சி என்கிறான். பதவி உயர்வு வந்ததும் பொறுப்புகள் பெருகுகின்றன. ஓய்வு பெற்றபின்னரே நிம்மதி என்று மனம் முடிவு செய்கிறது. ஓய்வு பெற்றவரோ, பணியிலிருந்த நாட்களை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்! முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்துவிடுகின்றன. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் பணியில் செலவிடும் ஒருவர் அந்நேரத்தை வெறும் காத்திருப்பாகக் கழித்தால், வாழ்வின் பெரும்பகுதியை வாழாமலேயே விட்டவர் ஆகிறார்.

இந்தத் துன்பத்தின் வேர் ஒரு சிறிய கணக்குப் பிழையில் இருக்கிறது. ஊதியம் மாதத்திற்கு ஒருமுறை வருகிறது. பாராட்டு எப்போதேனும் வருகிறது, வராமலும் போகிறது. பதவி உயர்வு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆனால் பணி ஒவ்வொரு நாளும் வருகிறது. எப்போதோ வரும் ஒன்றில் நிறைவை வைத்துவிட்டு, அது தினமும் கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பயன் என்ன? அன்றாட நிறைவு வேண்டுமெனில் அதை அன்றாடம் இருப்பதில்தான் தேட வேண்டும். அன்றாடம் இருப்பது செயல் ஒன்றே.

கீதை காட்டும் வழி

குருக்ஷேத்திரப் போர்க்களத்தில் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் அர்ஜுனனுக்கு உபதேசித்ததும் இதுவே. கர்மம் செய்வதில்தான் மனிதனுக்கு அதிகாரம் உண்டு, அதன் பலனில் இல்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் அறிவுறுத்துகிறார். இதைக் கேட்டவுடன் சிலர், ‘அப்படியானால் ஊதியம் பெறக்கூடாதா? இலக்கு வைத்து உழைக்கக்கூடாதா?’ என்று மயங்குகின்றனர். பகவான் அவ்வாறு கூறவில்லை. சில சுலோகங்களுக்குப் பின், செயலில் காட்டும் திறமையே யோகம் என்கிறார். திட்டமும் இலக்கும் இல்லாமல் திறமை ஏது?

விலக்க வேண்டியது, செயல் நடந்துகொண்டிருக்கும்போதே பலனுக்காக ஏங்கும் ஏக்கத்தை. அந்த ஏக்கம் மனத்தின் ஒரு பகுதியைத் திருடிக்கொண்டு போய்விடுகிறது. பாதையில் நடக்கும் கீமேனின் மனம் விடுமுறை நாளை எண்ணிக்கொண்டிருந்தால், நழுவிய கிளிப் கண்முன் இருந்தும் தெரியாது. பாடம் நடத்தும் ஆசிரியரின் எண்ணம் மேலதிகாரியின் பாராட்டில் இருந்தால், கடைசி வரிசையில் ஒரு மாணவன் புரியாமல் விழிப்பது தெரியாது. பலனைப் பற்றிய கவலை பலனையே கெடுத்துவிடுகிறது.

பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் மேலும் ஓர் உண்மையை விளக்குகிறார். எந்தச் செயலும் நிறைவேறுவதற்கு ஐந்து காரணங்கள் உண்டு: செயலுக்கு இடமான உடல், செய்பவன், பலவகைக் கருவிகள், பல்வேறு முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்பவன் ஐந்தில் ஒருவனே! இதை உணர்ந்தவர் வெற்றியில், ‘எல்லாம் என்னால்தான்’ என்று செருக்கமாட்டார். தோல்வியில், ‘எல்லாம் என்னால்தான்’ என்று நொறுங்கவும் மாட்டார். இரவெல்லாம் கண்விழித்துக் கவனித்தும் நோயாளி பிழைக்காதபோது, மறுநாள் அடுத்த நோயாளியின் படுக்கையருகே அதே பரிவுடன் நிற்க ஒரு செவிலிக்கு வலிமை வேண்டும். அந்த வலிமையை இந்த உணர்வு தருகிறது.

அதே அத்தியாயத்தில் இன்னும் உயர்ந்த ஒரு படியையும் பகவான் காட்டுகிறார். எல்லா உயிர்களும் எவரிடமிருந்து தோன்றினவோ, அந்த இறைவனை மனிதன் தன் செயலாலேயே வழிபட்டு நிறைவெய்தலாம் என்கிறார். மலரால் அர்ச்சிப்பது ஒரு வழிபாடு. தன் கடமையால் அர்ச்சிப்பதும் வழிபாடே.

மிதிலை நகரத்து வியாதர்

இந்தத் தத்துவத்தை விளக்கும் கதை ஒன்று மகாபாரதத்தின் வனபர்வத்தில் வருகிறது. 1895–96 குளிர்காலத்தில் நியூயார்க்கில் கர்மயோகத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தரும் இக்கதையை எடுத்துரைத்தார்.

கௌசிகர் என்னும் அந்தணர் மரத்தடியில் அமர்ந்து வேதம் ஓதிக்கொண்டிருந்தார். மரத்தின் மேலிருந்த கொக்கு அவர்மீது எச்சமிட்டது. சினந்து நோக்கினார், கொக்கு இறந்து விழுந்தது. பின்னர் அவர் ஒரு வீட்டில் பிட்சை கேட்டபோது, கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த இல்லத்தரசி அவரைக் காக்க வைத்தாள். கௌசிகர் சினம் கொண்டார். அவளோ, தான் கொக்கு அல்லள் என்று அமைதியாகக் கூறினாள். காட்டில் நடந்தது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் திகைத்தார். தர்மத்தை அறிய விரும்பினால் மிதிலைக்குச் சென்று அங்குள்ள வியாதரைக் காணுமாறு அவள் சொன்னாள்.

மிதிலையில் கௌசிகர் கண்டது ஓர் இறைச்சிக் கடையை! வாங்க வந்தவர்கள் கூட்டமாக நின்றனர். அங்கு இறைச்சி விற்றுக்கொண்டிருந்தவரே அவர் தேடி வந்த வியாதர். அவரை அனுப்பியவள் யார், எதற்காக வந்திருக்கிறார் என்பனவற்றை வியாதரே எடுத்துக் கூறி, வீட்டிற்கு அழைத்துச் சென்றார். தர்மத்தின் நுட்பங்களை விரிவாக உபதேசித்தார்.

இக்கதையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வியாதர் தம் தொழிலைப் பெருமையாகப் பேசவில்லை. அது கொடியது என்பதை ஒப்புக்கொள்கிறார். தாம் உயிர்களைக் கொல்வதில்லை, இறைச்சி உண்பதுமில்லை என்கிறார். இயன்ற அளவு தானம் செய்வதாகவும், தேவர்களுக்கும் விருந்தினருக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் அளித்தபின் எஞ்சியதைக் கொண்டே வாழ்வதாகவும் சொல்கிறார். முடிவில் தம் முதிய பெற்றோரைக் காட்டி, இவர்களே தமக்குக் கண்கண்ட தெய்வங்கள் என்கிறார். தொழில் அவரை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. அதைச் செய்த விதமே அவரைத் தர்மவியாதர் ஆக்கியது.

உபதேசத்தின் முடிவில் வியாதர் கௌசிகரைப் புதியதொரு தவத்திற்கு அனுப்பவில்லை. அனுமதி பெறாமல் அவர் விட்டுவந்த பெற்றோரிடமே திரும்பிச் செல்லுமாறு பணிக்கிறார். நிறைவைத் தேடி வெகுதூரம் நடந்தவருக்குக் கிடைத்த விடை, அவர் கைவிட்டு வந்த கடமையிலேயே இருந்தது!

பாரதத்தின் அருளாளர் வரிசையும் இதற்குச் சான்று. காசியில் கபீர்தாசர் தறியில் நெய்தார். ரவிதாசர் காலணி தைத்தார். மகாராஷ்டிரத்தில் கோரா கும்பார் பானை வனைந்தார்; சாவதா மாளி தோட்டத்தைப் பேணினார். தில்லையில் திருநீலகண்ட நாயனார் திருவோடு செய்து அடியார்க்கு அளித்தார். இவர்களுக்குத் தொழிற்கூடம் வேறு, பூஜையறை வேறு என்று இருக்கவில்லை.

சகித்துக்கொள்வது வேறு, அர்ப்பணிப்பது வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பணியை வழிபாடாகக் கருதுக என்னும் உபதேசம், பணி செய்பவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ள வேண்டியது. பணி வாங்குபவர், நியாயமான ஊதியத்தை மறுப்பதற்கோ பாதுகாப்புச் சாதனங்களைத் தராதிருப்பதற்கோ இதைக் காரணமாகக் காட்டலாகாது. ரயில் பாதையில் பணிபுரிவோர் வண்டி மோதி உயிரிழப்பதும் உண்டு. அவர்களுடைய பாதுகாப்பில் கண்ணும் கருத்துமாய் இருப்பதே அவர்களுடைய அதிகாரி செய்யும் வழிபாடு.

அவ்வாறே, தவறான செயலில் ஈடுபடுத்தும் வேலையையோ, தம் இயல்புக்குச் சற்றும் பொருந்தாத வேலையையோ ஒருவர் விட்டு விலகுவதும் குற்றமன்று. இன்று தொழில் பிறப்பால் அமைவதில்லை. இயல்பும் பயிற்சியும் சூழ்நிலையும் சேர்ந்து அதை அமைக்கின்றன. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஈடுபாடின்றிச் செய்யும் பழக்கத்தை உடன் எடுத்துச் செல்பவர் எத்தனை அலுவலகம் மாறினாலும் பழைய வெறுமையையே அங்கும் காண்பார். மாறும் நாள் வரை, கையிலிருக்கும் பணியை முழுமையாகச் செய்வதே அடுத்த பணிக்கு உரிய தகுதி.

அன்றாடப் பயிற்சி மூன்று

1. தொடங்குமுன்: பணியை ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் கண்களை மூடி, இன்று இந்தப் பணி யாரைச் சென்றடையும் என்று எண்ணிப் பார்த்தல் நலம். கோப்பைப் புரட்டும் எழுத்தருக்கு அது வெறும் காகிதம். மறுமுனையில் அது ஒரு விதவையின் ஓய்வூதியமாக இருக்கலாம். அந்த முகத்தை மனத்தில் இருத்தி, அவருள் உறையும் இறைவனுக்கு அன்றைய பணியைச் சமர்ப்பிக்க வேண்டும்.

2. செய்யும்போது: சிறு செயல் என்று எதையும் அலட்சியம் செய்யலாகாது. ஒரு பெண் முற்றத்தைப் பெருக்கிவிட்டுத் துடைப்பத்தை மூலையில் வீசி எறிந்ததைக் கண்டு, அன்னை ஸ்ரீசாரதாதேவி அவளைத் திருத்தினார். மெதுவாக வைப்பதற்கும் எறிவதற்கு ஆகும் நேரமே ஆகும். துடைப்பத்திற்கும் உரிய மரியாதையைத் தரவேண்டும் என்பது அன்னையின் அறிவுரை. கருவியை மதிக்கும் கை, பணியையும் மதிக்கும்.

3. முடிந்தபின்: உறங்கச் செல்லுமுன், ‘இன்று எனக்கு என்ன கிடைத்தது?’ என்று கேட்பதை விடுத்து, ‘இன்று எந்தச் செயலில் என் மனம் முழுமையாக இருந்தது?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு செயல்கூட நினைவுக்கு வராமல் போகலாம். சோர்வு வேண்டாம். ஒன்று இரண்டாகும், இரண்டு பலவாகும். குறைகளையும் நிறைகளையும் இறைவன் திருவடியில் வைத்துவிட்டு உறங்கலாம்.

ரயில் பாதையில் நடந்தவர் தம் எல்லையை அடைந்துவிட்டார். விரைவு வண்டி ஒன்று அவரைக் கடந்து செல்கிறது. அவர் ஒதுங்கி நின்று அதைப் பார்க்கிறார். கடைசிப் பெட்டியும் பத்திரமாகக் கடந்து போகிறது. அவரை யாரும் பாராட்டவில்லை. ஆனால் சற்று முன் தாம் அடித்து இறுக்கிய கிளிப் எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிவார். அவருள் உறையும் இறைவனும் அறிவான். நாளைய நடைக்கு அந்த நிறைவு போதும்.