இரைச்சலும் செவிக்காப்பும்

பல்லடம், சோமனூர், குமாரபாளையம் முதலிய ஊர்களில் விசைத்தறிகளின் ஓசை தெருமுனையிலேயே கேட்கும். தறிக்கூடத்தினுள்ளோ நாடா இருபுறமும் மோதித் திரும்பும் ஓசை இடைவிடாது எழுகிறது. அருகருகே நிற்பவர்கள்கூட உரக்கக் கத்தியே பேச வேண்டியுள்ளது. 'காது பழகிவிட்டது' என்று தொழிலாளர் கூறுவதுண்டு. உண்மையில் காது பழகுவதில்லை. கேட்கும் திறனை இழந்து வருகிறது.

இழப்பு நேரும் விதம்

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டுள்ள காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுபவை இவையே. இரைச்சலால் அழிந்த செல்கள் மீண்டும் தோன்றுவதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலிகள் மங்கும். பிறர் பேசுவது காதில் விழும். சகரம் போன்ற மெய்யொலிகள் தெளிவாக விளங்கா. வலியின்றி நேர்வதால் இவ்விழப்பு பல்லாண்டுகள் உணரப்படுவதில்லை. தொழிற்சாலைகள் சட்டம், 1948 இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது.

அளவும் நேரமும்

இரைச்சல் 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இருமடங்காகும். எனவே, 85 டெசிபலில் 8 மணி நேரம் பணிபுரியலாம் எனக் கொண்டால், 88 டெசிபலில் 4 மணி நேரமும் 94 டெசிபலில் 1 மணி நேரமுமே பணிபுரியலாம். தறிக்கூடங்கள் பலவற்றில் இரைச்சல் 90 டெசிபலைக் கடக்கிறது. தேய்ந்த உறுப்புகளை மாற்றி இயந்திர ஓசையைக் குறைப்பதே முதற்கடமை. அதன்பின்னும் எஞ்சும் இரைச்சலுக்கே செவிக்காப்பு தேவைப்படுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

காதில் திணிக்கும் பஞ்சு இரைச்சலைப் போதிய அளவு தடுக்காது. நுரைப்பஞ்சாலான காதடைப்பான் விலை குறைந்தது; வெப்பமான கூடத்திற்கும் ஏற்றது. தூய கைகளால் அதனை மெல்லியதாக உருட்ட வேண்டும். காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செவித்துளையில் செலுத்தி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். எண்ணெய்க் கையோடு அடிக்கடி கழற்றி மாட்டுவோர்க்குக் காதுமூடி எளிது. ஆயினும், அதனடியில் வியர்வை பெருகும். மூக்குக்கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் இடைவெளி வழியே ஓசை புகும்.

மிகுதியாகத் தடுப்பதே சிறந்தது என எண்ணுதல் தவறு. செவியை எட்டும் ஒலி 70 முதல் 80 டெசிபலுக்குள் இருத்தல் நலம். அதனினும் குறைந்தால் எச்சரிக்கைக் குரலும் இயந்திரப் பழுதின் ஓசையும் கேளாமற்போகும். தொழிலாளரும் அதனைக் கழற்றிவிடுவர்.

கழற்றும் நேரம் சிறிதாயினும் இழப்பு பெரிது. 30 டெசிபல் குறைக்கும் காப்பை 8 மணி நேரப் பணியில் அரைமணி நேரம் கழற்றிவைத்தால், அன்றைய பயன் ஏறத்தாழ 12 டெசிபலாகச் சுருங்கும். ஆகவே, உறையில் அச்சிட்ட எண்ணை மட்டும் நோக்காது, அணிபவரின் செவிக்கும் செய்யும் தொழிலுக்கும் பொருந்தி, பணிநேரம் முழுவதும் அணியத்தக்கதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவ்வாறு காத்த செவியே, பணி முடிந்து வீடு திரும்பும் நெசவாளர்க்குக் குழந்தையின் மழலையையும் தெளிவாகக் கேட்கச் செய்யும்.